அணை ஒன்று, பயன் மூன்று. சுமை எவர் தோளில்?

முல்லைப் பெரியாற்று அணையைப் பற்றித் தமிழ்நாட்டில் எழும் பேச்செல்லாம் அடிக்கணக்கோடு நின்றுவிடுகின்றது. 136 அடியா, 142 அடியா, 152 அடியா என்பதே மேடைதோறும் தாளிகைதோறும் முழங்கும் முழக்கம். அம்முழக்கம் வேண்டாதது அன்று. அண்டை மாநிலத்தோடு உள்ள வழக்கில் தமிழர் தம் உரிமையில் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுத்தல் ஆகாது என்பதில் இருவேறு கருத்தில்லை. ஆயினும், தேங்கிய நீர் மலையைத் துளைத்து இப்பால் வந்தபின் அதனை ஆளுகின்றவர் யார் யார், அவ்வணையைக் கட்டியதற்கும் காத்து வருவதற்கும் ஆன செலவை இறுத்தவர் யார், இனி இறுக்க வேண்டியவர் யார் என்னும் வினாக்களை எழுப்புவார் அரியர். வெளியாரிடம் கேட்க வேண்டியதை உரக்கக் கேட்டுவிட்டு, வீட்டுக்குள் கேட்க வேண்டியதை விழுங்கிவிடும் பழக்கம் நம்மவர்க்குப் புதிதன்று.

அணையின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூர் மன்னர்க்கும் இந்தியாவுக்கான ஆங்கில அரசின் செயலர்க்கும் இடையே குத்தகை உடன்படிக்கை எழுதப்பட்டது. காலம் 999 ஆண்டு. நீருள் மூழ்கும் நிலம் 8,000 குறுக்கம் (ஏக்கர்). குறுக்கத்திற்கு ஆண்டுக்கு 5 உருபா. ஆக மொத்தம் 40,000 உருபா. பென்னிக்குயிக்கு என்னும் பொறியாளரின் தலைமையில் 1887-இல் தொடங்கிய பணி 1895-இல் முடிந்து, அவ்வாண்டு அக்டோபரில் ஆளுநர் வென்லாக்கு அணையைத் திறந்து வைத்தார். காட்டு வெள்ளமும் கொடுங்காய்ச்சலும் கொண்டு சென்ற உயிர்கள் பல. மேற்கே வீழ்ந்து குடகடலில் கலந்த ஆறு, ஒரு கல் (மைல்) தொலைவுக்கு மேற்பட்ட சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி வைகைப் படுகையை அடைந்தது. 1876-78 பெரும்பஞ்சத்தில் பட்டினியால் மாய்ந்த மக்களின் மண்ணில் நெல் விளைந்தது.

பென்னிக்குயிக்கு தம் உடைமைகளை விற்று அணையைக் கட்டி முடித்தார் என்று ஒரு கதை கம்பம் பள்ளத்தாக்கில் வழங்குகின்றது. அன்புடையார் சொல்லும் கதை அது. அப்பெருமகனாரின் புகழுக்கு அக்கதை வேண்டுவதில்லை. அணைக்குப் பணம் தந்தது சென்னை அரசின் கருவூலம். அக்கருவூலத்திற்குத் திருப்பித் தந்தவன் மதுரை நாட்டு உழவன். அரசு நீரைப் பாய்ச்சும் நிலத்தின்மேல் தனித் தீர்வை விதிக்க 1865-ஆம் ஆண்டின் ஏழாம் சட்டமே அரசுக்கு உரிமை தந்திருந்தது. வெள்ளையன் ஈகைக்காக ஏரியும் அணையும் கட்டியவன் அல்லன். இட்ட முதலுக்கு என்ன வருவாய் என்று எண்ணிப் பார்த்தே ஒவ்வொரு கல்லையும் வைத்தான். அவ்வருவாய் வயலிலிருந்தே வந்தது. மேலூர்ப் பக்கத்துச் செம்மண் நன்செய் ஆகியது; நன்செய்க்குரிய தீர்வையும் கூடவே ஏறியது.

1895 முதல் ஏறத்தாழ அறுபது ஆண்டுக்காலம் அணையின் கணக்கேட்டில் ஒரே ஒரு பத்திதான் இருந்தது: பாசனம். கட்டிய செலவு, அதன் வட்டி, மன்னர்க்குரிய குத்தகை, பழுது பார்த்த கூலி ஆகிய அனைத்தும் பாசனத்தின் பெயரிலேயே எழுதப்பட்டன. இதனை நினைவிற் கொண்டாலன்றிப் பின்வருவது விளங்காது.

நீர் மலையின் உச்சியிலிருந்து அடிவாரத்துக்கு வீழ்கின்றது. வீழும் நீரில் மின்னாற்றல் உண்டு. பைக்காராவிலும் மேட்டூரிலும் நீர்மின் நிலையங்கள் எழுந்த 1930-களில், பெரியாற்று நீரிலும் மின் எடுக்கச் சென்னை அரசு விழைந்தது. திருவிதாங்கூர் மறுத்தது. பாசனத்திற்கென்று விட்ட நீரைப் பாசனத்திற்கன்றி வேறொன்றுக்கு ஆளுதல் உடன்படிக்கையில் இல்லாதது என்று அது வாதிட்டது. வழக்கு நடுவரிடம் சென்றது. நளினி இரஞ்சன் சட்டர்சி என்னும் நடுவர் 1941-இல் தீர்ப்புரைத்தார். திருவிதாங்கூரின் வாதமே வென்றது. சென்னைக்குரியது பாசன உரிமை மட்டுமே. மின்னாக்க உரிமை அதனுள் அடங்காது என்பது தீர்ப்பின் சாரம்.

அத்தீர்ப்பு தமிழர்க்கு அன்று கசந்தது. மின்னுருளையைச் சுழற்றிவிட்டு வரும் நீரில் ஒரு துளியும் குறைவதில்லையே, மலையிறங்கும் வழியில் ஒரு வேலை கூடுதலாகச் செய்கின்றது, அவ்வளவுதானே என்று பலரும் கேட்டனர். கேள்வி சரியானதே. ஆனால் நடுவர் பார்த்தது நீரின் அளவை அன்று, நீரின் நோக்கத்தை. ஒன்றன் பொருட்டு ஒப்புக்கொண்ட ஒருவனிடம், அவனைக் கேளாமலே, மற்றொன்றன் பொருட்டும் அதே பொருளை ஆளலாகாது என்பதே அதன் உட்கிடை.

1970 மே 29-இல் தமிழ்நாடும் கேரளமும் புதிய உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. குத்தகை குறுக்கத்திற்கு 5 உருபாவிலிருந்து 30 உருபாவாக உயர்ந்தது. முப்பது ஆண்டுக்கொருமுறை அதைத் திருத்தவும் வழி வைக்கப்பட்டது. நீர்நிலையின் மீன்பிடி உரிமையைத் தமிழ்நாடு கேரளத்திடம் விட்டது. மின்னாக்கத்திற்குக் கேரளம் இசைந்தது. அதற்கு ஒரு விலையும் வைத்தது. ஆண்டுக்கு 35 கோடி அலகு வரைக்கும் ஒரு கிலோவாட்டு-ஆண்டுக்கு 12 உருபா. அதற்குமேல் 18 உருபா. கிலோவாட்டு-ஆண்டு என்பது 8,760 அலகு. வகுத்துப் பார்த்தால் ஓர் உருபாவுக்கு 730 அலகு! 35 கோடி அலகையும் ஆக்கினாலும் ஆண்டுக்குத் தர வேண்டியது ஐந்து நூறாயிரம் உருபாவுக்குள் அடங்கிவிடும். கீழ்முகாமில் 140 மெகாவாட்டு ஆற்றலோடு அமைந்த மின்நிலையம் 1950-களின் இறுதியிலேயே சுழலத் தொடங்கிவிட்டது; 1970-இல் அதற்கு முறையான ஒப்புதல் கிட்டியது.

அவ்விலை மிகுதியா, குறைவா என்பது வேறு வழக்கு. கேரளத்தார் குறைவென்பர், தமிழ்நாட்டார் முறையென்பர். இங்கு நோக்க வேண்டியது ஒன்றே. நீரின் பயன் மாறியபோது, நிலத்துக்குரியவன் ‘என் பங்கு என்ன?’ என்று கேட்டான்; நடுவரும் அவன் கேட்டது முறையென்றார்; பின்னர் அவனுக்கு ஒரு பங்கும் வழங்கப்பட்டது. ஆனால் அறுபது ஆண்டு தீர்வை கட்டி அவ்வணையைத் தாங்கிய உழவனை எவரேனும் கேட்டனரா? பாசனத்தின் பெயரில் எழுதிய முதலில் இத்தனை விழுக்காட்டை இனி மின்வாரியம் ஏற்கும், அத்தொகை வாய்க்காலுக்கும் ஏரிக்கும் திரும்பும் என்று எவரேனும் உரைத்தனரா? கேரளத்தின் வாய் வலிது. அதற்கு வழக்குரைஞரும் நடுவரும் இருந்தனர். கூடலூர் உழவனுக்கும் மேலூர் உழவனுக்கும் அவர்களுள் எவரும் இல்லை. வெளியான் கேட்டபோது நயன் என்று ஒப்புக்கொண்டதை வீட்டான் கேட்கும்போது மட்டும் மறுப்பது எவ்வகை நயன்?

நீர் குறையாதபோது உழவனுக்கு என்ன இழப்பு என்று வினவலாம். நீர்ப்பாசனத்தில் அளவு பாதி, பொழுது பாதி. நாற்றுக்கு வேண்டும் நாளில் வராத நீர், அறுவடை நாளில் ஆறு நிறைய வந்தாலும் பயனில்லை. மின்னின் தேவைக்கு நீரை விடுவது ஒரு பொழுது. பயிரின் தேவைக்கு விடுவது மற்றொரு பொழுது. இரண்டும் ஒத்துவந்தால் சிக்கலில்லை. முரண்படின் எது முந்தும் என்பதே வினா. மதுரை, மேலூர்ப் பகுதிக்கு இடையில் வைகை அணை உள்ளது; 1959-இல் திறக்கப்பட்ட அது வரும் நீரை வாங்கி வைத்து வேண்டும்போது விடும். ஆனால் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்கள் மின்நிலையத்துக்கும் வைகை அணைக்கும் நடுவில் உள்ளவை. ஆற்றில் நீர் வரும்போது வாய்க்காலில் வாங்கினால் உண்டு, தவறினால் இல்லை. அங்குள்ள 14,707 குறுக்கமும் இருபூ (இருபோக) நிலம். முதற்பூவுக்கு உரிய நாளில் மடை திறக்கும் என்று நம்பியே அவர்கள் நாற்றங்கால் விடுகின்றனர்.

மூன்றாவது பயன் குடிநீர். இதில் எச்சரிக்கையோடு பேசுதல் வேண்டும். குடிநீர்க்கு எதிராகப் பேசுபவன் மாந்தனல்லன். மதுரை மக்கள் வைகை மணலில் ஊற்றுத் தோண்டிய நாள்கள் போயின. ஆற்று மணலையே அள்ளி விற்றுத் தீர்த்த பின் ஊற்று எங்கிருந்து வரும்! வைகை அணையிலிருந்து பண்ணைப்பட்டி வழியே மாநகர்க்கு நீர் செல்கின்றது. ஆண்டிபட்டி, சேடபட்டி முதலான ஊர்களுக்கும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் அவ்வணையை நம்பியே நிற்கின்றன. அதன் பின்னர், கீழ்முகாமிலேயே நீரை எடுத்து நேரே மதுரைக்குக் குழாய் வழியாகக் கொண்டு செல்லும் திட்டம் வகுக்கப்பட்டது. நாளொன்றுக்கு 12 கோடியே 50 நூறாயிரம் இலிட்டர். மதிப்பீடு ஏறத்தாழ 1,296 கோடி உருபா. கம்பம் பள்ளத்தாக்கின் உழவர்கள் அதனை எதிர்த்து எழுந்தனர்.

அவர்தம் எதிர்ப்பைத் தன்னலம் என்று இழித்துரைத்தோர் உண்டு. கணக்கைப் பாருங்கள். அந்நீர் நொடிக்கு ஏறத்தாழ 51 கன அடி. ஆண்டு முழுதும் எடுத்தால் ஏறத்தாழ 160 கோடிக் கன அடி. வைகை அணையில் எடுக்கும்போது அந்நீர் முதலில் கம்பம் பள்ளத்தாக்கின் ஆற்றில் ஓடி, கரையோரக் கிணறுகளை ஊறவைத்து, அதன் பின்னரே அணையைச் சேரும். கீழ்முகாமிலேயே குழாயில் அடைத்துவிட்டால் ஆறு அதனைக் காணாது. குழாயில் செல்வதால் நீர் வீணாவது குறையும், தூய்மையும் மிகும் என்பது உண்மையே. ஆனால் ‘வீணாவது’ என்று ஏட்டில் எழுதப்படுவது கிணற்றுக்காரனின் வாழ்வு! 1,296 கோடியில் குழாய்க்கு விலையுண்டு, தொட்டிக்கு விலையுண்டு, எக்கிக்கு விலையுண்டு. 1895-இல் அடுக்கிய கல்லுக்கும், அக்கல்லின் பின்னே தேங்கும் நீர்க்கும், அந்நீரை இழக்கும் வயலுக்கும் எப்பத்தியில் விலை?

இழப்புக்கும் பங்கீடு வேண்டும் என்பது பலர்க்குத் தோன்றுவதில்லை. 1979-இல் அணையின் உறுதி பற்றி ஐயம் கிளப்பப்பட்டு, நீர்மட்டம் 136 அடிக்குத் தாழ்த்தப்பட்டது. அணையை வலுப்படுத்தும் பணிகளைத் தமிழ்நாடு தன் செலவில் செய்தது. 2006-இலும், பின்னர் 2014 மே 7-இலும் தில்லித் தலைமை வழக்குமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று உரைத்தது. 1886 உடன்படிக்கை செல்லும் என்பதையும் 2014 தீர்ப்பு உறுதிசெய்தது. ஆயினும் இடைப்பட்ட முப்பத்தைந்து ஆண்டுக்காலம் 152-க்கும் 136-க்கும் இடையிலான 16 அடி நீர் இல்லாமற் போயிற்றே, அவ்விழப்பு யார் தலையில் விழுந்தது? 1987-இல் நடுவணரசு வெளியிட்ட நீர்க்கொள்கை குடிநீர்க்கு முதலிடமும் பாசனத்திற்கு அடுத்த இடமும் தந்தது. முதலிடம் தந்ததில் பிழையில்லை. ஆனால் முதலில் பெறுபவன் முழுதும் பெற்று, எஞ்சியதைக் கடைசியில் நிற்பவன் பெறுவது என்றால், குறைவு முழுதும் கடைசியில் நிற்பவனுடையதே ஆகும். பேரணை முதல் கள்ளந்திரி வரையுள்ள 45,041 குறுக்கம் இருபூ நிலத்தில் ஒரு பூவோடு நின்ற ஆண்டுகளும், அதற்கப்பால் மேலூர், திருமங்கலம் ஒருபூ நிலங்களில் மடையே திறவாத ஆண்டுகளும் அவ்வட்டார மக்களுக்கு மறக்குமா? அவ்வாண்டுகளிலும் மின்விளக்கு எரிந்தது. மாநகர்க் குழாயில், முறைவைத்தேனும், நீர் வந்தது.

இனி, முறையான பங்கீடு எப்படி இருத்தல் வேண்டும்? பழந்தமிழர் இதனை அறியாதவர் அல்லர். பத்தாம் நூற்றாண்டில் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு ஏரிவாரியம் என்னும் குழுவைக் கூறுகின்றது. ஏரிக்கென்று நிலம் ஒதுக்கி, அதன் விளைவால் ஏரியைக் காத்த ஏரிப்பட்டி முறை நாடெங்கும் இருந்தது. அதனினும் நோக்கத்தக்கது பாசிப்பாட்டம். ஏரியில் மீன்பிடிப்போர் செலுத்தும் அவ்வரியின் வருவாயைக் கொண்டு ஏரியின் வண்டலை அகற்றிக் கரையை உயர்த்திய ஊர்கள் உண்டு. மீன் பிடிப்பவன் ஏரியை வெட்டியவன் அல்லன். உழவன் வெட்டிய ஏரியில் அவனுக்கும் ஒரு பயன் கிடைத்தது. ஆகவே ஏரியைக் காப்பதில் அவனுக்கும் ஒரு பங்கு. இதற்கு அமெரிக்க நூலொன்றும் வேண்டியதில்லை. (1970-இல் பெரியாற்று மீன்பிடி உரிமையை விட்டுக்கொடுத்தபோது இம்முறை எவர் நினைவிலும் வந்ததாகத் தெரியவில்லை.)

இக்காலச் சட்டத்திலும் வழியுண்டு. 1948-ஆம் ஆண்டின் தாமோதரப் பள்ளத்தாக்குக் கழகச் சட்டம், 33-ஆம் பிரிவில் பாசனம், மின்னாற்றல், வெள்ளத்தடுப்பு ஆகிய மூன்றுக்கும் அணைச் செலவைப் பகிரும் வழியைக் கூறுகின்றது. ஒரு பயனுக்கே உரிய செலவை அப்பயன் தானே ஏற்க வேண்டும். பொதுச் செலவை, ஒவ்வொரு பயனும் தனக்கெனத் தனி அணை கட்டியிருந்தால் என்ன செலவாகியிருக்கும் என்று மதிப்பிட்டு, தனிச் செலவைக் கழித்து, அவ்வளவுக்கேற்பப் பகிர வேண்டும். கேட்பதற்குக் கடுமை, செய்வதற்கு எளிது. மூவர் சேர்ந்து ஓர் அணை கட்டுவதாகக் கொள்வோம். உழவன் தனித்துக் கட்டினால் 60 உருபா, மின்வாரியம் தனித்துக் கட்டினால் 40, மாநகர் தனித்துக் கட்டினால் 20. மூவரும் தனித்தனியே கட்டினால் 120. சேர்ந்து கட்டியதால் 90 உருபாவில் முடிந்தது. இப்போது உழவனுக்கு 45, மின்வாரியத்துக்கு 30, மாநகர்க்கு 15 என்று பகிர்ந்தால் மூவர்க்கும் நாலில் ஒரு பங்கு மிச்சம், எவர்க்கும் குறையில்லை. ஆற்றுத் திட்டங்களின் செலவைப் பயன்களிடையே பகிர்வதற்கென்றே இந்தியத் தரக் கட்டமைப்பு 1974-இல் 7560 என்னும் எண்ணில் ஒரு நெறிமுறையையும் வெளியிட்டுள்ளது. ஏட்டில் இருக்கின்றது!

பெரியாற்றின் சிக்கலோ சற்று வேறு. மூவரும் ஒருநாளில் கூடிக் கட்டிய அணையன்று அது. ஒருவன் கட்டினான், அறுபது ஆண்டு கழித்து ஒருவன் வந்தான், அதன்பின் மற்றொருவன் வந்தான். பின்னே வந்தவன் எவ்விலை தர வேண்டும்? 1895-இன் விலையா, இன்றைய விலையா? 1895-இன் ஏட்டு விலையைத் தருவது, பாட்டன் வாங்கிய விலைக்கே பேரனிடம் நிலம் கேட்பதாகும். இவ்விடத்தில் அமெரிக்கரிடம் கற்க வேண்டியது ஒன்றுண்டு; நல்லது எவரிடம் இருப்பினும் கொள்ளலாம்.

சார்சியா மாநிலத்தில் அட்லாண்டா நகர்க்கு மேலே பூபோர்டு அணை உள்ளது. 1946-இல் அமெரிக்கப் பேரவை ஒப்புதல் தந்த அவ்வணை வெள்ளத்தடுப்பு, படகுப் போக்குவரவு, மின்னாற்றல் ஆகியவற்றை முதன்மை நோக்கங்களாகக் கொண்டது. நகரும் செலவில் பங்கேற்குமா என்று வினவியபோது, 1948-இல் மாநகரத் தலைவர் ஆர்ட்சுபீல்டு மறுத்துவிட்டார். எங்களுக்கு வேறு நீர்வழிகள் பல உள என்றார். அரை நூற்றாண்டுக்குள் அந்நகர் அவ்வேரி நீரையே நம்பி வாழ்ந்தது. கீழ்ப்பக்கத்து மாநிலங்கள் 1990 முதல் வழக்காடின. 2009-இல் ஒரு வழக்குமன்றம், அன்று பங்கேற்க மறுத்ததைச் சுட்டிக்காட்டி, நகர்க்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2011-இல் மேல்மன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. வழக்கின் முடிவைவிட, அவ்வணையை ஆளும் படைப் பொறியாளர் துறை கைக்கொண்ட விலைமுறையே இங்கு வேண்டுவது. தேக்கிய நீரில் ஒரு பகுதியைப் பழைய பயனிலிருந்து குடிநீர்க்கு மாற்றும்போது நான்கு அளவுகளை அது எண்ணும்: பழைய பயன் இழக்கும் நன்மை, அரசு இழக்கும் வருவாய், அவ்விழப்பை வேறு வழியில் ஈடுசெய்ய ஆகும் செலவு, அணையில் அவ்விடத்தின் இன்றைய விலைக்கு உயர்த்திய கட்டுமானச் செலவு. இந்நான்கில் எது மிகுதியோ அதுவே விலை. பழைய பயனாளி ஏமாறாமல் இருப்பதற்கு அது ஒரு வேலி.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்கள் இரண்டு. உழவன் தரும் நீர்த்தீர்வை இன்று மிகச் சிறிது. அவன் எம்முகத்தோடு பங்கு கேட்கின்றான் என்பது ஒன்று. இன்று சிறிது என்பது மெய். ஆனால் அணையின் முதலும் வட்டியும் அவன் பெயரில் இருந்த நாளில் தீர்வை சிறிதாக இருக்கவில்லை. கடனைத் தீர்த்தவனிடம், இப்போது நீ குறைவாகத்தானே கட்டுகின்றாய் என்பது பேச்சாகாது. மேலும், அவன் விளைவிக்கும் நெல்லை உண்பவர் யார்?

எல்லாம் அரசின் பணந்தானே, மின்வாரியத்திடம் வாங்கிப் பொதுப்பணித்துறைக்குத் தருவது இடக்கைப் பணத்தை வலக்கைக்கு மாற்றுவதன்றி வேறென்ன என்பது மற்றொன்று. இது அறிவுடையார் சொல்லும் வாதம். ஆகவே கூர்ந்து நோக்குதல் வேண்டும். கை இரண்டும் ஓருடலினவே. ஆனால் கணக்கு எழுதப்படும் ஏடு வேறு வேறு. வாய்க்கால் கரை உடைந்து பணம் கேட்கும்போது, பாசனம் வருவாயில்லாத துறை, கையிருப்பு இல்லை என்று மறுமொழி வருகின்றது. அதே நீர் மின்வாரியத்தின் ஏட்டில் மலிவான மின்னாகின்றது. மாநகராட்சியின் ஏட்டில் கட்டணமாகின்றது. பயன் இரண்டு ஏட்டில். சுமை மூன்றாவது ஏட்டில். பின்னர் அம்மூன்றாவது ஏட்டைத் திறந்து காட்டி, பாருங்கள், பாசனம் இழப்பு என்பது! இவ்வாறு எழுதப்பட்ட ஏட்டைக் கொண்டே ஏரி வண்டல் அகற்றாமலும், மடைப்பலகை மாற்றாமலும் ஆண்டுகள் கழிகின்றன.

குடிநீர்க்கு விலை என்றவுடன் ஏழையின் குழாயில் பூட்டுப் போடும் எண்ணமோ என்று அஞ்ச வேண்டா. குடிசைக்குச் செல்லும் குடத்து நீர்க்கு எவரும் விலை கேட்கவில்லை. அப்பங்கை அரசே ஏற்பது அரசுக்கு அழகு. விலை கேட்க வேண்டியது விடுதிகளிடமும், ஆலைகளிடமும், புல்தரைக்கு நீர் தெளிக்கும் மாளிகைகளிடமும். அவர்களிடம் தண்டும் பொறுப்பு மாநகராட்சிக்கு. அத்தொகை பொதுக் கருவூலத்தில் கலந்து கரையாமல், பெரியாற்று-வைகைப் பாசனப் பகுதிக்கென்றே தனி வைப்பாக நிற்றல் வேண்டும். மின்வாரியம் ஆக்கும் ஒவ்வோர் அலகுக்கும் ஒரு சிறு தொகை அவ்வைப்பில் சேர்தல் வேண்டும். ஓர் உருபாவுக்கு 730 அலகு என்று வெளியார்க்கு விலை கொடுக்க இசைந்த வாரியம், உள்ளார்க்கும் அவ்வளவேனும் கொடுக்க மறுக்க இயலுமா?

அவ்வைப்பிலிருந்து முதலில் செய்ய வேண்டியவை பல உள்ளன. கம்பம் பள்ளத்தாக்கின் பழங்கால்வாய்களைச் சீர்செய்தல் ஒன்று. மேலூர்க் கடைமடை வரை நீர் சென்றுசேர வழிசெய்தல் மற்றொன்று. குடிநீர்க்கென்று மடையை மூடி, நாற்று விட்ட பின்னரோ நடுகைக்கு முன்னரோ உழவனை நிறுத்தும் ஆண்டில், அவன் இழந்த பூவுக்கு ஈடு தருதல் இன்னொன்று. கொடை என்று அன்று. வாங்கிய நீர்க்கு விலை என்று.

இவையெல்லாவற்றிற்கும் முன்னர் வேண்டுவது ஒரே ஓர் ஏடு. அணைக்கும் சுரங்கத்திற்கும் கால்வாய்க்கும் ஆண்டுதோறும் ஆகும் செலவு, கேரளத்திற்குச் செல்லும் குத்தகை, மின்னாக்கத்தின் மதிப்பு, ஒவ்வோர் ஊரும் எடுத்த குடிநீர், நீர் பெற்ற நிலம், நீர் பெறாத நிலம் ஆகியவற்றை ஒரே தாளில், எளிய தமிழில், ஒவ்வோராண்டும் அரசு அச்சிட்டு வெளியிடுதல் வேண்டும். 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தமிழ்நாட்டில் உழவர்தம் நீர்ப்பயன் கழகங்கள் அமைந்துள்ளன. கூடலூர் முதல் மேலூர் வரையுள்ள அக்கழகங்கள் அடுத்த முதற்பூவுக்கு மடை திறக்க வேண்டி விண்ணப்பம் எழுதும்போது, அவ்விண்ணப்பத்தின் கீழேயே இக்கணக்கையும் கேட்டு இரண்டு வரி சேர்த்து எழுதட்டும்.